மயில் விரட்டும் பெட்டி

கொட்டாம்பட்டிப் பக்கம் கடலை போட்டிருப்பவர்களிடம் போய் மயிலின் அழகைப் பற்றிப் பேசாதீர்கள். நல்ல வார்த்தை கிடைக்காது. விதைத்த அன்றைக்கே வந்து கொத்தும். முளைத்தால் குருத்தைக் கிள்ளும். காய் பிடித்தால் செடியோடு கிளறிப் போட்டுவிட்டுப் போகும். கல்லெடுத்து எறியவும் பயம். அடிபட்டுச் செத்தால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள். போதாததற்கு, முருகனுடைய வாகனம் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆக, சத்தம் போட்டு விரட்டுவது ஒன்றுதான் வழி. நடமாட்டம் இருந்தவரை அந்தச் சத்தத்தை அப்பாவே போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்து, தோட்டத்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டார். தாகத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். அதற்கு மேல் போனால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை அதற்கென்று ஒதுக்கி, அதில்தான் ஊற்றிக் கொடுப்பாள். அவர் அந்த டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு நாக்கில் விழும்வரை அண்ணாந்தபடியே இருப்பார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மகள் நான், மதுரையில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒயரைத் தொடத் துணிந்த ஒரே ஆள் நான்தான். கட்டிலில் படுத்தபடியே மயிலைப் பார்த்து அப்பா பல்லைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் நாலு சேனல் ரிமோட்டும் ரிசீவரும் வாங்கிக்கொண்டு போனேன். கூடவே, தெருவில் கோலமாவும் உப்பும் விற்கிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, குரலைப் பதிந்து வைத்துக் கத்தவிடும் ஸ்பீக்கர், அதிலும் ஒன்று.

ரிசீவர் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதில் வரிசையாக நாலு ரிலே, தானாக மூடித் திறக்கும் சுவிட்சுகள். ரிமோட்டில் முதல் பொத்தானை அமுக்கினால் முதல் ரிலே 'டிக்' என்று மூடும், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பொத்தானை விட்டால் திறந்துகொள்ளும். நான் செய்ததெல்லாம், ஸ்பீக்கரைப் பாடவைக்கிற பொத்தானின் பின்பக்கம் இரண்டு ஒயரைப் பற்றவைத்து அதை முதல் ரிலேயில் முடுக்கியதுதான். ரிலே மூடினால் யாரோ அங்கே போய் விரலால் அமுக்கின மாதிரி. இரண்டாவது சேனலில் ஒரு சைரன். மூன்றும் நாலும் பின்னால் மோட்டாருக்கு ஆகும் என்று சும்மா விட்டேன். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, கடலைக் காட்டின் நடுவில் ஒரு கம்பம் நட்டுக் கட்டினேன். பழைய பைக் பேட்டரி, அதற்குச் சின்ன சோலார் தகடு. ஏரியல் ஒயரைச் சுருட்டாமல் நேராக மேலே தூக்கிவிட்டேன். மாட்டுக் கொட்டகையிலிருந்து அமுக்கினாலும் வேலை செய்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கியிருந்தது. ரிமோட்டுக்குள்ளும் ரிசீவருக்குள்ளும் ஒரு சில்லு இருக்கும். அதன் கால்களில் சிலவற்றைச் சேர்த்துப் பற்றவைத்து இரண்டுக்கும் ஒரே அடையாளம் கொடுக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது எல்லாச் செட்டும் அடையாளம் இல்லாமல் மொட்டையாகத்தான் வரும். ஒருவர் ரிமோட் இன்னொருவர் ரிசீவரை இயக்கிவிடும். சால்டரிங் இரும்பைச் சூடுபண்ணப் போன என்னை அப்பா பிடித்துக்கொண்டார்.

"எதுக்குத்தா அது?"

"வேற யாரும் நம்ம பெட்டிய அமுக்கிறக் கூடாதுல்லப்பா."

"யாரு அமுக்கப் போறா? மயிலு சிம்மக்கல்லுக்குப் போயி ரிமோட்டு வாங்கிட்டு வரப் போகுதாக்கும்!"

சிரித்து ரொம்ப நாளானவர் சிரித்ததால் நானும் விட்டுவிட்டேன்.

குரல் பதியும்போது ஸ்பீக்கரை அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "ஏ... ஓய்... ஓடு! ச்சூ! ஓடு!" என்று கத்தினார். இருமல் வந்தது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து அம்மா பக்கம் திரும்பி, "ஏ புள்ள... கொஞ்சம் தண்ணி கொண்டா," என்றார். அம்மா, "இப்பத்தான குடிச்சீக," என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சில்லில் இடம் தீர்ந்துபோனது. அதனால் பதிவில் கேள்வி மட்டும் இருந்தது, பதில் இல்லை.

"இன்னொரு தடவ பதியலாம்ப்பா," என்றேன்.

"மயிலுக்குத் தெரியவா போகுது? இதுக்கே நெஞ்சு அடைக்குது. விடுத்தா."

மயில்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒரு கத்தலில் தலைதெறிக்க ஓடின. காடு காலியான பிறகு வெற்று வெயிலில், "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று ஸ்பீக்கர் கேட்கும். வழியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. சைரன் முதல் மழையிலேயே செத்தது. அதன்பின் இரண்டாவது பொத்தானை அமுக்கினால் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தமும் சிவப்பு விளக்கும்தான். அதைச் சரிசெய்ய எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

அப்பா கோடைத் தொடக்கத்தில் இறந்தார். கடைசி மூச்சுவரை தண்ணீர்தான் கேட்டார். அம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவும் பயந்து, வைக்கவும் மனமில்லாமல் நின்றாள். எங்கள் பக்கம், செத்தவரின் தலை கிடந்த இடத்தில் விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் கருமாதிவரை வைத்திருப்பார்கள். மற்ற வீடுகளில் அது ஒரு சடங்கு. எங்கள் வீட்டில் அம்மா அந்தச் செம்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குறைந்தால் நிரப்பினாள். வெயில் காலம், தண்ணீர் வற்றத்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து, "மதுரைக்கு வந்துரும்மா, என்னோட இரு," என்று கூப்பிட்டேன். வருவதாகத்தான் சொன்னாள். துணிகூட எடுத்து வைத்திருந்தாள். அப்புறம் ஒரு நாள் போன் வந்தது.

"நான் வரலத்தா. உங்கப்பா கேக்குறாரு."

"என்ன கேக்குறாரு?"

"தண்ணி."

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. ரிமோட்டை ஏன் எடுத்து அமுக்குகிறாய் என்று சத்தம் போட்டேன். ரிமோட் அப்பா போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் தொடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். போனதும் முதல் வேலையாக ரிமோட்டைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இனிமே கேக்க மாட்டாரு," என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்பதுபோல் இருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு காட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

உச்சி வெயில். காற்றே இல்லை. பக்கத்துப் பொட்டலில் ஒரு ஆடுகூட நிற்கவில்லை. அம்மா கம்பத்தடியில் போய்ச் செம்போடு உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்து, ஒயர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் எதிரில் முதல் சிவப்பு விளக்கு மினுக்கியது. 'டிக்.' என் காதுக்குப் பக்கத்தில் அப்பா கத்தினார்.

"ஏ... ஓய்... ஓடு!"

கையிலிருந்த ஸ்குரு டிரைவரைப் போட்டுவிட்டேன். எனக்குத் தெரியும், அது நான் பதிந்த குரல். எந்த இடத்தில் இருமுவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது வரைக்கும் தெரியும். தெரிந்தும் ஓர் அடி பின்வாங்கினேன். இருமினார். திரும்பினார். திரும்பியது குரலிலேயே தெரியும். "ஏ புள்ள... கொஞ்சம் தண்ணி கொண்டா."

"இந்தாங்க," என்று அம்மா செம்பைச் சரித்துக் கம்பத்தடி மண்ணில் ஊற்றினாள்.

அதன்பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கருவேலம் புதருக்குள்ளிருந்து மயில்கள் வந்தன. ஓடவில்லை, பறக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து, எங்களைச் சுற்றி நின்று, அம்மா ஊற்றிய தண்ணீரில் கழுத்தைச் சாய்த்துக் குடித்தன. அந்தக் குரலுக்கு ஓடியவை, இப்போது அந்தக் குரலைக் கேட்டால் வரக் கற்றிருந்தன. "இப்பல்லாம் கூப்புட்டா வருதுக," என்றாள் அம்மா, மாடு வருவதைச் சொல்வதுபோல.

நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். அம்மா சோறு தின்பதே குறைந்திருந்தது. எந்த நேரம் கேட்பாரோ என்று வெயிலில் போய் உட்கார்ந்து, முகம் கருத்து, இடுப்புச் சேலை நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். இன்னொரு கோடையை அவள் தாங்குவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. எனக்கு அந்தக் குரலை நிறுத்த வேண்டும். ஆனால் பெட்டியைப் பிடுங்கி எறிந்தால், அவர் வாயை நானே பொத்தினதாக ஆகிவிடும். அம்மா அதை எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டாள். காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால்தான் அவளை அங்கிருந்து எழுப்ப முடியும்.

ஒன்றை முதலிலேயே கவனித்தேன். மோட்டார் ஓட்டக் காட்டுக்கு நேரம் வைத்து விடும் த்ரீ பேஸ் கரண்டு வந்த பிறகுதான் குரல் வருகிறது. கரண்டு வரும் அதிர்ச்சியில் ரிலே தப்பாக மூடுகிறதாக்கும் என்று நினைத்து, பெட்டியை மின்கம்பிக்கு ரொம்பத் தள்ளி மாற்றிக் கட்டினேன். மறுநாளும் கேட்டார்.

அதற்குள் இன்னொரு கூத்து. எங்கள் மோட்டார் ரூம் பூட்டிக் கிடந்தது, சாவி என் இடுப்பில். ஆனால் காட்டின் கீழ்க்கடைசியில் பாத்தி நனைந்திருந்தது. மழை இல்லை. ஈர மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"குடிச்சது போக மிச்சத்த ஊத்திட்டுப் போயிருக்காரு."

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. சில்லும் ரிலேயும் எனக்குத் தெரியும். பேட்டரி இல்லாத ரிமோட் வேலை செய்யாது என்பதும் தெரியும். ஆனால் அந்த ஈரத்தில் நின்றபோது, யாரோ என் முதுகுக்குப் பின்னால் அண்ணாந்து நிற்கிறார்கள், கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தை என்னால் உதற முடியவில்லை. திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

என்னைக் காப்பாற்றியது செத்துப்போன அந்தச் சைரன்தான். மறுநாள் குரல் கேட்டு, அம்மா தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் இரண்டாவது விளக்கு மினுக்கி, ரிலே 'டிக்' என்றது. சைரன் இல்லாததால் இத்தனை நாளும் அது யார் காதிலும் விழவில்லை. முதலில் ஒன்று, நேரம் கழித்து இரண்டு. ஆவிக்கு எதற்கு இரண்டாவது பொத்தான்? யாரோ எதையோ போட்டு, பிறகு நிறுத்துகிறார்கள். கரண்டு வந்தபின் போட்டு, வேலை முடிந்ததும் நிறுத்தப்படுவது எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர் மோட்டார்.

எழுந்து ஈரம் வந்த வழியே நடந்தேன். கருவேலம் புதருக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி, சித்தப்பாவின் வயல். அப்பாவுக்கு அவர் தம்பி முறை, பங்காளி. ஒரு வறட்சி வருஷத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் விடமாட்டேன் என்று மடையில் கல்லைப் போட்டு அடைத்தவர். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளியாக இருந்தும் சாவுக்கு வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. அந்த மடையின் கல் இப்போது புரட்டிப் போடப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

சித்தப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் சட்டைப்பையில் ரிமோட்டின் ஏரியல் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் அதே கறுப்பு ரிமோட்.

"சிம்மக்கல்லுல வாங்குனதா சித்தப்பா?"

"ஆமாத்தா. முழங்கால் முடியல, நடந்து வந்து சுவிச்சு போட ஏலல. மொதப் பொத்தான் போடுறதுக்கு, ரெண்டாவது நிறுத்துறதுக்கு." ரிமோட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "வாங்குன அன்னைக்கே மோட்டாரப் போட்டேன். அந்தப் பக்கம், அமுக்க ஆளில்லாமக் கெடந்த பெட்டியில, உங்கப்பன் கத்துறான். ஓடு ஓடுங்குறான். அப்பறம் தண்ணி கொண்டாங்குறான். நான் எத்தன தடவ போட்டாலும் கேக்குறான்த்தா. வேற யாருகிட்டக் கேப்பான்? நாந்தேன அவனுக்குத் தண்ணி இல்லேன்னது. அதேன் கல்லப் பொரட்டி விட்டுட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் ரிமோட்டும் எங்கள் ரிமோட்டும் ஒரே மொட்டைச் செட்டு, அடையாளம் வைக்காததால் அவர் போட்டது எங்கள் பெட்டியிலும் விழுந்திருக்கிறது, அதில் பேசுவது பதிந்து வைத்த குரல். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

"மிசினுதேன்ங்குற. சரி. கேட்டது உங்கப்பன் வாயிதான?"

மயில் போய் ரிமோட் வாங்கப் போகிறதா என்று சிரித்த அப்பா, பக்கத்து வயலில் இருந்த தம்பியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அவ்வளவு தூரம் அவர்கள் விலகிப்போயிருந்தார்கள். கிளம்பும்போது சித்தப்பா, "மடைய இனி அடைக்க மாட்டேன்," என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

அன்றைக்கே சால்டரிங் இரும்பைச் சூடுபண்ணி, எங்கள் ரிமோட்டிலும் ரிசீவரிலும் சில்லின் ஒரே காலைப் பற்றவைத்தேன். அப்பா என்னைச் செய்யவிடாமல் தடுத்த அதே வேலை. சித்தப்பாவை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று மாறி மாறி அமுக்கச் சொன்னேன். அவர் மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எங்கள் பெட்டி ஊமையாக இருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள், இல்லை சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"நான் ஊத்துன தண்ணி?"

"மயிலு குடிச்சுச்சு."

"ரிமோட்டக் குடு," என்றாள்.

பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன். செம்பை எடுக்கவில்லை. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கம்பத்துக்கு எதிரே குடத்தை இறக்கிவிட்டு, எந்தப் பொத்தான் என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். அவள் அந்த ரிமோட்டை அமுக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா கத்தினார், இருமினார், திரும்பினார்.

"ஏ புள்ள... கொஞ்சம் தண்ணி கொண்டா."

"குடிங்க," என்றாள் அம்மா. அத்தனை மாதமும் அவளால் சொல்லவே முடியாத வார்த்தை அது. "நெறயக் குடிங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக." குடத்தைச் சரித்தாள். மறுபடி அமுக்கினாள். அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி ஊற்றினாள். புதருக்குள்ளிருந்து மயில்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்க ஆரம்பித்தன. நான் தடுக்கவில்லை. இயந்திரம் என்று எனக்குத் தெரியும், இப்போது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், இந்த முறையாவது அம்மாவின் பதில் அவர் காதில் விழுந்துவிடாதா என்று நான் காத்திருந்தேன். குடம் காலியாகும்வரை அவள் விடவில்லை.

மறுநாள் காலையில் அம்மா துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள். மதுரைக்கு வருவதாகச் சொன்னாள். வீட்டைப் பூட்டும் முன், ரிமோட்டை என்ன செய்வது என்று கேட்டேன். இருந்த இடத்திலேயே போட்டோவுக்குப் பின்னால் இருக்கட்டும் என்றாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் கையில் திணித்தாள்.

"இதக் கொண்டுபோயி எங்குட்டாச்சும் போட்டுருத்தா. எங்கன்னு எங்கிட்டச் சொல்லாத."